பெயரில்லாத ஃபோல்டர்கள்

பாப்பா,

தாளை எடுத்து வைத்ததும் கை தானாக மேலே "பொருள்" என்று எழுதிக் கோடும் போட்டுவிட்டது. முப்பத்தொரு வருடம் அலுவலகப் பதிவறையில் உட்கார்ந்தவனுக்குக் கடிதம் என்றால் அப்படித்தான் வரும். வேறு தாள் எடுக்கலாமா என்று யோசித்தேன். பிறகு, இந்தக் கடிதத்துக்கும் ஒரு பொருள் இருக்கத்தானே செய்கிறது என்று விட்டுவிட்டேன். பொருள் இதுதான்: ஆறு வருடத்துக்கு முன்னால் நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து உன் மல்லிகை ஆராய்ச்சிப் படங்கள் மொத்தமும் அழிந்துபோனதே, அவற்றை அழித்தது நீ இல்லை. நான். இதை முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்தேன். கடைசிப் பத்திக்கென்று ஒதுக்கி வைத்தால் நான் அதுவரை போய்ச் சேரமாட்டேன் என்பது எனக்கே தெரியும்.

ஆறு வருடம் வாயைத் திறக்காதவனுக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகை வாசகம் சரிபார்க்க வந்திருந்தார்கள் அல்லவா, அன்று வந்தது. ஓசூரில் பார்த்திருக்கும் வீட்டுக்கு முதலில் சாமான் கொண்டுபோகிறவர் மாப்பிள்ளைதான் என்று பேச்சு வந்தபோது, நீ உள்ளே போய் உன் சான்றிதழ் ஃபைலை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாய். "இதையும் நீங்களே வச்சுக்கங்க. எங்கிட்ட இருந்தா அம்புட்டுத்தான். ரெண்டு வருச ரிசர்ச்ச ஒரே நாள்ல அழிச்சவ நான்" என்று சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே, "அப்பச் சரி, இனிமே முக்கியமான பேப்பர் எல்லாம் என் பொறுப்பு" என்றார். நல்ல பையன், வெள்ளந்தியாகத்தான் சொன்னார். அதோடு நீ விட்டிருந்தாலும் பரவாயில்லை. "எங்கப்பா மட்டும் அன்னைக்கு டக்குனு ஒயரப் பிடுங்கலன்னா நான் டாக்டர் பட்டமே வாங்கியிருக்க மாட்டேன்" என்றாய். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தட்டிலிருந்த மிக்சரில் கடலையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி டாக்டர் பட்டம் வரைக்கும் இருக்கிற அந்த ஃபைல் அன்று சாயங்காலம் மாப்பிள்ளையின் பைக்குள் அவர்கள் ஊரான திண்டுக்கல்லுக்குப் போனது. எனக்குச் சுருக்கென்றது அப்போதுதான். ஒரு பொய் நம் வீட்டுக்குள் கிடந்தவரை அதை நான் எப்படியோ சமாளித்துவிட்டேன். அது உன் சீர்வரிசையோடு சேர்ந்து வேறு வீட்டுக்குப் போகிறது. இன்றைக்குச் சான்றிதழ், நாளைக்கு வீட்டுச் சாவி, அதற்கு மறுநாள் "நீ முடிவெடுத்தால் தப்பாகிவிடும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வரும். மாப்பிள்ளை கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை. நீயே உன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு நல்லவரும் கற்றுக்கொள்வார்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு அங்கே கற்றுக்கொண்டதுதான். பதிவறையில் கோப்புகள் நான்கு வகை: ஓராண்டு வைக்க வேண்டியது, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். கெடு முடிந்ததைக் கட்டிலிருந்து பிரித்துக் கழிவு செய்வது என் வேலை. மேலட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். உள்ளே புரட்டிப் பார்க்கத் தொடங்கினால் வருடத்துக்கு ஓர் அலமாரியைக்கூடக் காலி செய்ய முடியாது. மேலட்டையே இல்லாத கட்டு என்றால் யோசனையே கிடையாது, இதரக் காகிதங்கள் என்று எழுதி வெளியே தள்ளிவிடுவேன். ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் எல்லோரும் என் அறையைப் பாராட்டினார்கள். உன்னிடமும் அதை எத்தனையோ தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு வித்தியாசம்: அங்கே எதைக் கழிவு செய்வதானாலும் மேலே ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் அந்தத் தொந்தரவு இல்லை.

அந்த வருட ஆயுத பூஜையன்று நீ முதல் பஸ்ஸிலேயே வாடிப்பட்டிக்குப் போய்விட்டாய். பூஜைக்குப் பூ நன்றாக விலை போகும் என்பதால் தோட்டக்காரர்கள் மொட்டை ஒன்றுவிடாமல் பறித்துவிடுவார்கள், பறிப்பதற்குள் மொட்டுப்புழுவை எண்ணிவிட வேண்டும் என்று அவசரமாக ஓடினாய். நான் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். அருவாமனை, ஸ்பேனர், தையல் மெஷின், ஸ்கூட்டர் எல்லாம் துடைத்து முடித்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தேன். சிபியு மூடியைக் கழற்றிப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினேன். திரும்ப மூடி, ஓடுகிறதா என்று பார்க்க ஆன் செய்தேன். அதோடு எழுந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. திரை முழுக்க ஃபோல்டர்கள். நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் இரண்டு, நியூ ஃபோல்டர் மூன்று, டம்மி, ஓல்டு, பிறகு வெறும் ஏஏஏ. வெளியே இவ்வளவு கழுவிவிட்டு உள்ளே இப்படிக் குப்பையை வைத்துக்கொண்டா பொட்டு வைப்பது என்று தோன்றியது. அன்று எனக்கு அது மிகவும் நியாயமாகப்பட்டது.

ஒன்றைத் திறந்து பார்க்கத்தான் செய்தேன். ஒரு பச்சை மொட்டு, பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு. அடுத்த படமும் பச்சை மொட்டு, துண்டுச் சீட்டு. பத்துப் படம் பார்த்தேன், பத்தும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தது. ஒரே மொட்டை நூறு தடவை பிடித்து வைத்திருக்கிறாளே என்று சலித்துக்கொண்டேன். நல்லதைக் கல்லூரியில் வைத்திருப்பாள், இது கழித்துப்போட்டதாக இருக்கும் என்று நானே தீர்மானித்தேன். உனக்குப் போன் செய்து கேட்கலாம் என்று தோன்றவே இல்லை. கேமரா கார்டை வாராவாரம் நீ காலி செய்துவிட்டுத்தான் தோட்டத்துக்கு எடுத்துப்போகிறாய், இந்த ஒரு காப்பியைத் தவிர உலகத்தில் வேறு காப்பி கிடையாது என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த விஷயம். எல்லாவற்றையும் தேர்வு செய்து டெலீட் கொடுத்தேன். குப்பையைக் கூட்டி வீட்டு மூலையிலேயே குவித்து வைப்பது போல் இருந்ததால் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். நிரந்தரமாக அழித்துவிடவா என்று மெஷின் கேட்டது. பரவாயில்லை, இதுவாவது நம்மிடம் கையெழுத்துக் கேட்கிறதே என்று நினைத்து ஆமாம் என்று அழுத்தினேன்.

இன்னொன்றும் செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். இவ்வளவு இடம் காலியாகிவிட்டதே என்ற பூரிப்பில், உன் சித்தப்பா பென்டிரைவில் கொடுத்து மாதக்கணக்காக மேஜையில் கிடந்த அவர் மகனுடைய காதணி விழா வீடியோவை எடுத்து உள்ளே ஏற்றினேன். மூன்று பாகம். முழுதாக ஏறி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு அணைத்துவிட்டு, மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, உன் புத்தகங்களை அதற்கு முன்னால் அடுக்கினேன். உன் அம்மா சிபியு தலையில் ஒரு தட்டுப் பொரிகடலை வைத்தாள்.

நீ சாயங்காலம் சேறும் சகதியுமாக வந்து சேர்ந்தாய். அன்றைய படங்களை ஏற்ற வேண்டும் என்று நேராகக் கம்ப்யூட்டர் பக்கம் போனாய். அம்மா விடவில்லை. "பூசையில வச்சத நாளைக்குப் பூசை முடிச்சுத்தாண்டி எடுக்கணும். ஒரு நாள் போட்டோ ஏத்தலன்னா ஒம் புழு ஓடியா போயிரும்?" என்றாள். நீ முணுமுணுத்துக்கொண்டே குளிக்கப் போனாய். அந்த ஒரு தடையை அம்மா போட்டிராவிட்டால், நீ அன்றைய படங்களையும் அழிந்தவற்றின் மேலேயே ஏற்றியிருப்பாய், இன்னும் எவ்வளவோ போயிருக்கும். உன் படிப்பைக் காப்பாற்றியவர் என்று யாரையாவது சொல்லித்தான் தீர வேண்டும் என்றால் அம்மாவைச் சொல். இன்று காலை வரை அவளுக்கும் அது தெரியாது.

மறுநாள் விஜயதசமி. பூஜை முடிந்து நீ கம்ப்யூட்டரை ஆன் செய்தபோது நான் காப்பி டம்ளரோடு உன் பின்னால் நின்றிருந்தேன். "என்னப்பா, இங்க இருந்த ஃபோல்டர் ஒண்ணையும் காணோம்?" என்றாய். ரீசைக்கிள் பின்னைத் திறந்தாய், அதுவும் காலி. உன் காது இரண்டும் சிவந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே உனக்கு அழுகை வருவதற்கு முன்னால் அப்படித்தான் ஆகும். நான் வாயைத் திறப்பதற்குள் நீயே சொன்னாய்: "திங்கக்கிழமை இதையெல்லாம் நாந்தான் இழுத்து இழுத்து மாத்திக்கிட்டு இருந்தேன். நாந்தான் அழிச்சிட்டேன் போலருக்கு." இல்லை பாப்பா, நான்தான் என்று சொல்ல அரை நிமிடம் போதும். வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி நின்றேன். நீ வேறு எதையோ திறந்து தேட ஆரம்பித்தாய். என்றைக்கு, எத்தனை மணிக்கு அழிந்தது என்று அதற்குள் எங்கேயாவது எழுதியிருக்கும், இவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. குனிந்து சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன். "தொடாத, இன்னும் கெட்டுப் போயிரும்" என்று ஏதோ விவரம் தெரிந்தவன் போலச் சொன்னேன். எனக்கு ஒரு விவரமும் தெரியாது. நீ இத்தனை வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற என் சமயோசிதம் அவ்வளவுதான்.

சிபியுவைப் போர்வையில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் உன் மடியில் வைத்துக்கொண்டு, ஒத்தக்கடை பஸ் ஸ்டாப் பக்கத்து மாடியில் இருக்கும் ஜமீலாவின் சர்வீஸ் கடைக்குப் போனோம். ஜமீலா முதலில் கேட்டது, "அழிஞ்சதுக்கப்புறம் எத்தன தடவ ஆன் பண்ணீங்க?" என்றுதான். "ஒரே தடவதான்க்கா. அப்பா ஒடனே ஒயரப் பிடுங்கிட்டாரு" என்றாய் நீ. "ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்கண்ணே. வர்றவங்கள்ல பாதிப் பேரு ஒரு வாரம் நோண்டிட்டுத்தான் எங்கிட்டக் கொண்டு வாராங்க" என்றார். அந்தப் பாராட்டை வாங்கி நான் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அங்கேதான் இரண்டாவது பொய் பிறந்தது, நான் வாயே திறக்காமல்.

அவர் விளக்கியது எனக்கு ஒரே மூச்சில் புரிந்தது. டெலீட் கொடுத்தால் பதிவேட்டில் பெயரை மட்டும் அடிக்கிறது. கட்டு அலமாரியில் அப்படியேதான் இருக்கும். அந்த இடத்தில் வேறு கட்டு வந்து உட்கார்ந்தால்தான் பழையது போகும். கம்ப்யூட்டரை வழக்கம்போல ஆன் செய்தாலே அது தன் பாட்டுக்கு எதையாவது எழுதிக்கொண்டிருக்குமாம். அதனால் ஜமீலா ஒரு பென்டிரைவை எடுத்தார். "இதுக்குள்ள வேற ஒரு சிஸ்டம் முழுசா இருக்குண்ணே. மிஷின் இத வச்சு ஓடும், ஒங்க விண்டோஸ எழுப்பவே மாட்டேன். ஒங்க டிஸ்க்க சும்மா படிக்க மட்டும் செய்வேன், ஒரு எழுத்துகூட எழுத விடமாட்டேன். கெடைக்கிறத வேற டிஸ்க்குல எடுத்து வைப்பேன். பேரு முக்காவாசி வராது, பொருள் வரும், இன்ஷா அல்லா." பென்டிரைவைச் செருகி, ஆன் செய்தவுடன் ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தார். நம் வீட்டுத் திரை வரவில்லை. நம் பெயரும் நம் படமும் எதுவும் இல்லாத வேறொரு திரை வந்தது. அதே மெஷின், ஆனால் நம்மை யாரென்று தெரியாத மெஷின். டிஸ்க் முழுவதையும் வரிவரியாகத் தேடி முடிக்க மறுநாள் சாயங்காலம் ஆகும் என்றார்.

மறுநாள் மத்தியானம் நீ கல்லூரியில் உன் ஆராய்ச்சி கைடிடம் தகவல் சொல்லப் போயிருந்தாய். கடையில் நான் மட்டும் இருந்தேன். ஜமீலா திரையை என் பக்கம் திருப்பினார். "ரீசைக்கிள் பின்ல போட்ட நேரம் தனியா ஒரு குறிப்பா நிக்கும்ணே. ஆயுத பூசையன்னைக்குப் பகல் பதினொண்ணே முக்காலு. பாப்பா அப்ப வீட்லயா இருந்துச்சு?" நான், "வாடிப்பட்டியில" என்றேன். "பன்னெண்டு மணிக்கு மேல ஒரு காதணி விழா வீடியோ ஏறியிருக்கு. அது உக்காந்த எடத்துல இருந்தது மட்டும் எடுக்க முடியல" என்றார். நான் அந்தக் கடையின் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே சொன்னார்: "நான் எதையும் கேக்கலண்ணே. மிஷின் சொன்னதச் சொன்னேன். பாப்பாகிட்டச் சொல்றது ஒங்க பாடு." "இன்னைக்கே சொல்லிர்றேம்மா" என்றேன். அந்த இன்றைக்கு ஆறு வருடமாகிவிட்டது. இப்போதும் கடைத்தெருவில் எதிரே வந்தால், "நல்லாருக்கீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். அதற்குப் பின்னால் கேட்காமல் விட்ட கேள்வி எனக்கு ஒவ்வொரு தடவையும் கேட்கிறது. அதற்காகவே நான் பால் வாங்க எதிர்ப்பக்கக் கடைக்குப் போக ஆரம்பித்தேன்.

படங்கள் வந்தன. ஆயிரக்கணக்கில் வந்தன, எந்த ஃபோல்டரும் இல்லாமல், எஃப் என்ற எழுத்தும் அதற்குப் பின்னால் ஒரு நீள எண்ணும் மட்டுமே பெயராக. எது எந்தத் தோட்டம், எது எந்தச் செடி என்று மெஷினுக்குத் தெரியவில்லை. ஆனால் நீ ஒவ்வொரு மொட்டுக்குப் பக்கத்திலும் ஒரு துண்டுச் சீட்டு வைத்துப் படம் எடுத்திருந்தாய்: தோட்டம், பாத்தி, செடி, தேதி, எல்லாம் உன் கையெழுத்தில். முன்பு ஒரு நாள், கேமராவே தேதி போடுமே, உனக்கு எதற்கு இந்த வெட்டி வேலை என்று நான் கிண்டல் செய்ததற்கு, "கேமரா போடுறது வேறப்பா, நான் பாத்து எழுதுறது வேற" என்றாய். அந்தச் சீட்டுகள் இல்லாவிட்டால் நம் கையில் இருந்தது பெயர் தெரியாத மொட்டுகளின் மலை மட்டும்தான். இதை நன்றாகக் கேட்டுக்கொள் பாப்பா. நம் வீட்டில் மேலட்டையைப் பார்த்து முடிவு செய்தவன் நான். ஒவ்வொரு தாளிலும் பெயர் எழுதி வைத்தவள் நீ. கவனக்குறைவான ஆள் யார் என்று யாராவது கேட்டால் அந்தப் படங்களில் ஒன்றைக் காட்டினால் போதும்.

பதினோரு சாயங்காலம் உட்கார்ந்தோம். நான் சீட்டைப் படிக்க, நீ தட்டச்சு செய்தாய். "வாடிப்பட்டி ரெண்டு, பாத்தி நாலு, செடி ஏழு" என்று நான் சொல்லச் சொல்லப் பழைய பதிவறை உற்சாகமே எனக்கு வந்துவிட்டது, அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு படத்தில் சீட்டின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் இருந்தது. நகத்தில் ரப்பர் ஸ்டாம்பு ஊதா மை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னோடு தோட்டத்துக்கு வந்து, சீட்டு காற்றில் பறக்காமல் நான் பிடித்துக்கொண்டிருந்தேனே, அந்தப் படம். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அப்பா, ஒங்க கட்டவெரலும் ரெகவர் ஆயிருச்சு" என்றாய். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் நீ சிரித்தது அது ஒரு தடவைதான். அப்போது சொல்லியிருக்கலாம். சிரிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

சித்திரை மாதத்துப் படங்கள் மட்டும் தேறவில்லை. சிலது வரவே இல்லை. வந்ததிலும் மேல்பாதி மொட்டு இருந்தது, கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். உன் சித்திரை மொட்டுகளின் மேல் உன் சித்தப்பா மகன் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டிருந்தான். மல்லிகைக்கு அதுதான் உச்சப் பருவம். அதனால் அடுத்த சித்திரை வரை காத்திருந்து, அந்த வெயிலில் மறுபடி போய் மறுபடி எண்ணினாய். ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போனது. உன்னோடு சேர்ந்தவர்கள் வேலைக்குப் போன பிறகு, நீ மட்டும் அந்த ஆய்வுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாய்.

இனி எழுதப்போவதுதான் இருப்பதிலேயே மோசமானது. கல்லூரியில் தாமதத்துக்கு விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள், தமிழிலேயே எழுதினால் போதும் என்றார்கள். நீ ஒரு தாளில் எழுதி, அலுவலகத் தமிழ் சரியாக இருக்கிறதா என்று என்னிடம் காட்டினாய். "கோப்புகள் அழிந்துவிட்டன" என்று மட்டும் எழுதியிருந்தாய். யார் பொறுப்பு என்று சொல்லாத விளக்கத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லி, பேனாவை வாங்கி, அதற்கு முன்னால் "என்னுடைய கவனக்குறைவினால்" என்று நானே சேர்த்தேன். என் கையால். நீ அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுச் சுத்தமாகப் பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய். சொல்லாமல் இருந்தது கோழைத்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாளாக யோசித்தும் ஒரு சொல் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நீ மாறியதை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கேஸை மூடிவிட்டோமா என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பாய். எதை எடுத்தாலும் ஐந்து காப்பி எடுப்பாய். ஓசூர் வேலைக்கு விண்ணப்பம் அனுப்பும்போதுகூட, "எதுக்கும் நீங்களே பட்டன அழுத்துங்கப்பா, நான் தப்பா எதையாச்சும் பண்ணிருவேன்" என்றாய். நானும் அழுத்தினேன், பெரிய மனுஷன் மாதிரி. அம்மா உன்னை எதற்கெடுத்தாலும் கவனமில்லாதவள் என்று ஏசினாள், அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று காலையில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "ஆறு வருசமா அவள நாந்தான வஞ்சேன்" என்றாள், அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் அப்பன் மகளுக்கு நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்லத் தகுதி இருக்கிறதா என்பது வேறு விஷயம். ஜமீலா சொன்னதில் எனக்குப் பிடிபட்டதை மட்டும் சொல்கிறேன். எது தொலைந்தாலும் முதலில் கையை எடுத்துவிடு. அதன்மேல் எதையும் எழுதாதே, சமாதானமோ சாக்கோ எதுவும் வேண்டாம். உடனே போய்ச் சொன்னால் முக்கால்வாசி திரும்பக் கிடைக்கும். உங்கள் இருவருக்கும் நடுவில் ஏதாவது பிசகினாலும் அப்படித்தான். நான் ஆறு வருடம் மேலே மேலே எழுதிக்கொண்டே போனேன். எவ்வளவு தேறும் என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். நீ கோபப்பட்டால் அது நியாயம். பேசாமல் இருந்தாலும் நியாயம். மன்னித்துவிடு என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், அது எனக்குத் தெரியும்.

உன் சான்றிதழ் ஃபைலைச் சனிக்கிழமை ஜவுளி எடுக்க வரும்போது கையோடு கொண்டு வரும்படி மாப்பிள்ளைக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார், நேரில் சொல்கிறேன் என்றேன். அது உன் அலமாரியில், உன் கையில், உன் சாவியில் இருக்கட்டும். இந்தக் கடிதத்தையும் நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். பேச்சு மாறிவிடக் கூடாது என்பதற்காக நீ தங்கியிருக்கும் ஓசூர் விடுதிக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன், தபால் ஆபீஸில் கொடுத்து ரசீது வாங்கியபிறகு இதைத் திரும்ப எடுக்க என்னால் முடியாது. இணைப்பு ஒன்று. உன் அந்த விளக்கக் கடிதத்தின் வரைவு, என் எழுத்தில் அந்த இரண்டு சொற்களோடு. முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ கட்டுகளைக் கழித்த நான் இதை மட்டும் ஏனோ கழிக்கவில்லை. மேலட்டை போட்டு, நிரந்தரம் என்று எழுதி வைத்திருந்தேன். அந்த இரண்டு சொற்களையும் இப்போது அடித்துவிட்டு, "என் தந்தையின் கவனக்குறைவினால்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். உன் கைடுக்கும் ஒரு நகல் அனுப்புகிறேன்.

சனிக்கிழமை எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது நீ அந்தக் கதையை வழக்கம்போல ஆரம்பி. கூச்சப்படாதே, எப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வாயே, அப்படியே சொல். எங்கப்பா ஒயரைப் பிடுங்கினார் என்கிற இடம் வந்ததும் நிறுத்திவிடு. அதற்கு மேல் நான் சொல்கிறேன்.

அப்பா